வீட்டு நூலகம்: விலைக்கு வாங்குவதா, இறக்கிக்கொள்வதா, இரவல் எடுப்பதா?

விருப்ப வாசிப்பு என்றால் யாரும் சொல்லாமல் பிள்ளை தானாக எடுத்துப் படிப்பது. படித்து முடித்ததும் யாரும் கேள்வி கேட்கக் கூடாது. பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு, அலமாரியில் உள்ள பாடநூல்களைவிட இந்தப் புத்தகங்கள்தான் பெரிய சொத்து. வீட்டில் ஆறு வயதில் ஒருத்தி, பத்து வயதில் ஒருவன். அவர்களுக்காகப் புத்தகம் சேர்க்கையில் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அதே புத்தகத்தை மறுபடி எடுக்கிறார்களா?

சின்னவளுக்குத் தூலிகா பதிப்பகத்தின் நூலா, மத்திய அரசின் நேஷனல் புக் டிரஸ்ட் நூலா என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். சென்னையில் 1996இல் தொடங்கிய தூலிகாவின் படங்களில் நம் வீடும் நம் தெருவும் தெரிகின்றன. வாக்கியங்கள் வாய்விட்டுப் படிக்க இதமாக இருக்கின்றன. ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் இருக்கும் இருமொழிப் பதிப்பில் மட்டும் ஒரு சிக்கல். ஆங்கிலம் சரளமாக வரும் பிள்ளையின் கண் நேராக ஆங்கில வரிக்குத்தான் போகும். தமிழில் படிக்கப் பழக வேண்டுமானால் தமிழ் மட்டும் உள்ள பதிப்பைக் கேட்டு வாங்குங்கள்.

1957இல் அமைக்கப்பட்ட நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புஸ்தகாலயா என்ற சிறுவர் நூல் வரிசையில் விலை குறைவு. ஒரு தூலிகா புத்தகத்தின் காசுக்குச் சில சமயம் இரண்டு, மூன்று கிடைத்துவிடும். பறவை, ஆறு, அறிவியல், நாட்டுப்புறக் கதை என்று எல்லாம் உண்டு. ஒரே நூலைப் பல இந்திய மொழிகளில் கொண்டுவருவதால், சில நூல்களில் மொழிபெயர்ப்புத் தமிழ் விறைப்பாக இருக்கும். ஆறு வயதுக்கு அது இடறும். பத்து வயதுக்காரன் அதைப் பொருட்படுத்துவதில்லை, விஷயம் பிடித்துவிட்டால் போதும். அதனால் சின்னவர்களுக்குத் தூலிகா, பெரியவர்களுக்கு நேஷனல் புக் டிரஸ்ட் என்று பிரித்துவிட்டேன்.

தாரா பதிப்பகத்தின் கையால் அச்சிட்ட நூல்கள் அழகுக்கு அழகு. ஆனால் 'கையைக் கழுவிட்டு வா' என்று சொல்ல வைக்கும் புத்தகம் விருப்ப வாசிப்புக்கு ஒத்துவராது.

காசில்லாமல் கிடைப்பது பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளம். தமிழ்க் கதைகளை நிலைவாரியாகப் பிரித்துவைத்திருக்கிறார்கள். முதல் நிலையில் பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிதான். திறந்த உரிமம் என்பதால் இறக்கி அச்செடுக்கலாம், நாமே மொழிபெயர்க்கவும் செய்யலாம். அதே காரணத்தால் தரம் ஒரே சீராக இருப்பதில்லை. எழுத்துப்பிழை உள்ள கதையும் கண்ணில் படும். பெற்றோர் முதலில் படித்துப் பார்க்காமல் கொடுக்கக் கூடாது. அப்புறம், திரையில் இருக்கும் கதை பிள்ளையின் கண்ணில் தானாகப் படுவதில்லை. நான் அச்செடுத்துத் தைத்துக் கூடையில் போட்ட பிறகுதான் சின்னவள் தானாக எடுத்தாள்.

பழைய புத்தகத்தில் என் மனம் ஒட்டியிருப்பது மாஸ்கோவில் அச்சாகி வந்த தமிழ்ச் சிறுவர் நூல்களில். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததோடு அந்த வரத்து நின்றுபோனது. திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில் அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்று கிடைக்கும். இதை நம்பி நூலகம் அமைக்க முடியாது, கிடைத்தால் விடவும் கூடாது. இணையத்தில் மொத்தமாகப் பழைய புத்தகம் வாங்காதீர்கள். எனக்கு வந்த பெட்டியில் பாதி பழைய தேர்வு வழிகாட்டிகள்.

பொது நூலகத்தைப் பலர் மறந்துவிடுகிறோம். சொத்து வரியோடு 10 சதவீதம் நூலக வரியும் கட்டுகிறோம். சிறுவர் பிரிவு என்றால் சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கும், 2023இல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கும் ஒருமுறையாவது பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டும். ஆனால் வீட்டு அலமாரியை நிரப்ப உதவுவது பக்கத்துக் கிளை நூலகம்தான். அங்கே சிறுவர் நூல்கள் குறைவாக இருந்தாலும், வாங்கும் முன் பிள்ளைக்குப் பிடிக்கிறதா என்று பார்க்க அதைவிடச் சிக்கனமான வழி இல்லை. இரவல் எடுத்ததை மூன்றாம் முறை கேட்டால் அதை விலைக்கு வாங்கிவிடுவேன்.

ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்கு 2,000 ரூபாயோடு போனால், 1,000 ரூபாய்க்கு அந்த 'மூன்றாம் முறை' பட்டியல். 600 ரூபாய்க்கு நேஷனல் புக் டிரஸ்டும் பாரதி புத்தகாலயத்தின் சிறுவர் நூல்களும். மீதி 400 பிள்ளைகள் கையில். அவர்கள் எதை வாங்கினாலும் நான் வாய் திறப்பதில்லை.