தோனெட் நாற்காலியா, பிளாஸ்டிக் நாற்காலியா: காலத்தை வெல்வது எது?

எளிமையாக இருந்தால் ஒரு பொருளின் வடிவமைப்பு காலம் கடந்து நிற்கும் என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. இரண்டு நாற்காலிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் காரணம் புரியும். ஒன்று, 1859-இல் மரச்சாமான் செய்பவரான மிக்கேல் தோனெட் கொண்டுவந்த 14-ஆம் எண் மர நாற்காலி. மற்றொன்று, எங்கு போனாலும் கண்ணில் படும், ஒரே வார்ப்பில் செய்த பிளாஸ்டிக் நாற்காலி.

எளிமையில் இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. தோனெட்டின் நாற்காலியில் ஆறு மரத்துண்டுகள், பத்துத் திருகுகள், இரண்டு நட்டுகள், அவ்வளவுதான். கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கின. பிளாஸ்டிக் நாற்காலியோ இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது: அதில் இணைப்பே கிடையாது. பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கை உருக்கி அச்சுக்குள் அழுத்திச் செலுத்தினால் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் முழு நாற்காலியும் வெளியே வந்துவிடும். ஓரங்கள் மடிந்திருப்பது அழகுக்காக இல்லை. மெல்லிய பிளாஸ்டிக்குக்கு வலுவைத் தருவதே அந்த மடிப்புதான். நகரின் அழகைக் காக்க என்று சொல்லி சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம் 2008 முதல் 2017 வரை பொது இடங்களில் இதைத் தடை செய்திருந்தது. அது அநியாயம் என்றே நினைக்கிறேன். விலை குறைவு, மழையில் நனைந்தாலும் கவலையில்லை. இந்த இரண்டிலும் மரம் இதனுடன் போட்டி போட முடியாது.

பழசாகும்போதுதான் வித்தியாசம் தெரிகிறது.

தோனெட் பீச் (beech) மரக் கம்புகளை நீராவியில் வேகவைத்து வளைத்தார். வளைவின் வெளிப்பக்கம் இழுபட்டுப் பிளந்துவிடும் என்பதால் அந்தப் பக்கத்தில் ஓர் உலோகப் பட்டையை வைத்து இறுக்கிக்கொண்டார். நார் அறுபடாமல் வளைந்ததால் கம்பு மெலிதாக இருந்தும் உறுதி குறையவில்லை. பின்னங்கால்கள் இரண்டும் முதுகின் வெளிவளைவும் சேர்ந்து ஒரே கம்புதான். ஆட்டம் கண்டால் திருகை முறுக்கலாம். இருக்கையின் பிரம்புப் பின்னல் தொய்ந்தால் புதிதாகப் பின்னலாம். கம்பே உடைந்தாலும் அதை மட்டும் மாற்றினால் போதும்.

பிளாஸ்டிக் வெயிலில் கிடந்தால் புற ஊதாக் கதிர்கள் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கின்றன. நிறம் வெளிறி, மேற்பரப்பு மாவு பூத்து, ஒருநாள் கால் விரிசல் விடும். பாலிப்ரொப்பிலீனில் சாதாரணப் பசை பிடிக்காது. ஒரு கால் போனால் முழு நாற்காலியும் குப்பைக்குத்தான்.

என் ஓட்டு தோனெட்டுக்கு. 1930-க்குள் சுமார் ஐந்து கோடி விற்றது என்பதற்காக அல்ல, உடைந்த பிறகும் அதைக் காப்பாற்ற வழி இருக்கிறது என்பதற்காக. பிளாஸ்டிக் நாற்காலி செய்பவர்கள் கால்களையாவது தனியாகக் கழற்றி மாற்றும்படி அமைக்கலாம். விலை சற்று ஏறும், அடுக்கி வைக்க இடமும் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும். அதற்கு நான் தயார்.