ட்ரெய்லர் டென்டும் அதன் சிப்பும்: கடலோரத்தில் பாவித்த அனுபவம்

வாகனத்துக்குப் பின்னால் பெட்டியாக இழுத்துப்போய், நிறுத்தின இடத்தில் விரிக்கிற கூடாரம்தான் ட்ரெய்லர் டென்ட். எங்களுடையதின் கதவுச் சிப்பை (zip) போன கிழமைதான் மாற்றி எடுத்தோம். காத்தான்குடியில், ஆட்டோவுக்கு ஹூட் தைக்கிற ஒரு குஷன் கடையில். அதே நேரம் பார்த்து கல்முனைச் சிநேகிதர் ஒருவர் அழைத்து, இதேபோல ஒன்று பழையது விலைக்கு வந்திருக்கிறது, பிள்ளைகளோடு போய்த் தங்க நல்லதா, எடுக்கலாமா என்று கேட்டார். அவருக்குச் சொல்ல வேண்டியதை எல்லோருக்குமாக எழுதுகிறேன். ட்ரெய்லர் டென்ட் எப்படி விரியும், எத்தனை பேர் படுக்கலாம் என்பதெல்லாம் படங்களில் பார்த்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தது சிப்பைப் பற்றி.

பெட்டி நல்ல கனத்த தகடு. அச்சு, வில்லுப்பட்டை, கட்டில் சட்டம் எதிலும் குறை சொல்ல முடியாது. மேல் துணி தடித்த பருத்திக் கான்வஸ். இவ்வளவையும் காலத்துக்கு நிற்கிற மாதிரிச் செய்த கம்பெனி, ஒரு நாளைக்கு ஐம்பது தடவை திறந்து மூடுகிற கதவுக்குப் பள்ளிக்கூடப் பைக்குப் போடுகிற 5ஆம் இலக்கச் சிப்பைப் போட்டிருக்கிறது. சிப்பின் இலக்கம் என்பது ஏறக்குறைய மூடிய பல்லின் அகலம், மில்லிமீற்றரில். பல்லின் மேல் ஓடுகிற, நாம் பிடித்து இழுக்கிற தலையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் அடித்திருக்கும். ஆள் உயரக் கதவு, காற்றடித்தால் பாய் மாதிரி உப்பும் துணி. இதற்கு 5ஆம் இலக்கம் எந்த ஊர் நியாயம்?

துருப்பிடித்துத்தான் சிப் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பல்லு நைலோன் சுருள், அது துருப்பிடிக்காது. போவது தலைதான். தலை துத்தநாகக் கலவை வார்ப்பு. கடற்காற்றின் உப்பு அதைத்தான் தின்னும். தலைக்குள் இரண்டு பக்கமிருந்தும் வருகிற பல்லு ஒரே வாய்க்காலில் சேர்ந்து கோர்த்துக்கொள்ளும். உப்பு அரித்து, மணல் தேய்த்து, அந்த வாய்க்கால் ஒரு மயிரிழை அகன்றாலும் பல்லை நெரிக்கிற பிடி போய்விடும். தலை ஓடும், பார்க்க மூடுகிற மாதிரியே இருக்கும், பின்னால் பல்லு பிரிந்துகொண்டே வரும்.

பாசிக்குடாவில் ஒரு இரவு முழுக்க இந்தக் கூத்துத்தான். மனைவி லைட் பிடிக்க, நான் முழங்காலிட்டு, சிப்பின் தலையை மேலும் கீழும் இழுக்கிறேன். கதவின் வளைவு வரைக்கும் ஒழுங்காக வரும். வளைவில் கிறுகின உடனே பிரிந்துவிடும். நுளம்பு உள்ளே வந்து பிள்ளைகளைப் பிய்க்கிறது. கடைசியில் உடுப்புக் காயப்போடுகிற கிளிப்பும் ஊசியும் குத்தி ஒருமாதிரி மூடினோம். கதவின் மேல்மூலையை வடிவுக்காக வட்டமாக வெட்டியிருக்கிறார்கள். சிப்புக்கு மிக அதிக இழுவை விழுவது அந்த வட்டத்தில்தான்.

அந்த நிலைமையில் இருப்பவர்களுக்கு ஒரு கைவைத்தியம்: சின்னக் குறடால் தலையின் பின்பக்க விளிம்பை இரண்டு பக்கமும் கொஞ்சம், மிகவும் கொஞ்சம் நெரியுங்கள். அகன்ற வாய்க்கால் சுருங்கி மறுபடி பிடிக்கும். அழுத்தம் கூடினால் வார்ப்பு வெடித்துவிடும், கவனம். இது அந்தப் பயணத்தை முடித்து வீடு வந்து சேர மட்டும்தான் உதவும்.

குஷன் கடைக்காரர், நாங்கள் காக்கா (அண்ணன்) என்று கூப்பிடுகிறவர், கதவைப் பார்த்த உடனேயே சொன்னார்: "தம்பி, தலைய மட்டும் மாத்தினா ஒரு சீசன் ஓடும். மறுகாவும் நீங்க இஞ்ச வரத்தான் வேணும். இந்த வளைவ எடுப்பம்." வளைவை வெட்டி எடுத்துவிட்டு, நடுவில் மேலிருந்து கீழாக ஒன்று, அடியில் குறுக்காக இரண்டு என்று நேர்க்கோட்டில் 10ஆம் இலக்கச் சிப் வைத்துத் தைத்தார். உள்ளே நுளம்பு வலைக்கும் அப்படியே. சுருள் பல்லுத்தான், ஆனால் விரல் மொத்தத்துக்கு இருக்கிறது. நூல் ஹூட் தைக்கிற பொலியெஸ்டர் நூல். நூலோடிய ஊசி ஓட்டைகளில் மழைத் தண்ணி கசியும் என்று, தைத்து முடித்த கையோடு மெழுகுதிரியை எடுத்துத் தையல் நெடுக அழுத்தித் தேய்த்தும் தந்தார். ஒரு பெரிய தொழிற்சாலை யோசிக்காததை, ஆட்டோ ஹூட்டில் வெயிலும் மழையும் என்ன செய்யும் என்று தினமும் பார்க்கிற ஒரு மனிதர் அரை நிமிடத்தில் யோசித்தார். இப்போது ஐந்து வயதுப் பிள்ளை ஒரு கையால் திறக்கிறது.

கடலோரத்தில் பாவிக்கிற எவரும் வீட்டுக்கு வந்ததும் சிப்பை நல்ல தண்ணியால் கழுவ வேண்டும். பழைய பல்துலக்கும் பிரஷால் பல்லுக்கு இடையிலிருக்கிற மணலை எடுத்து, காயவிட்டு, மெழுகு பூச வேண்டும். தேங்காயெண்ணெய் பூச வேண்டாம். எண்ணெயில் மணல் ஒட்டும், ஒட்டின மணல் தலையைத் தேய்க்கும்.

இவ்வளவு கோபத்தோடு சொன்னபிறகு கட்டிலைப் பற்றியும் சொல்லாவிட்டால் அநியாயம். என் அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். நிலத்தில் விரிக்கிற டென்ட் எங்களிடம் முன்பு இருந்தது. "நிலத்தில படுத்தா எழும்ப ஏலாது மனே, நீங்க போயிற்று வாங்க" என்று வீட்டிலேயே நின்றுவிடுவார். இதில் கட்டில் பெட்டிக்கு வெளியே இரண்டு பக்கமும் விரிந்து, இடுப்பளவு உயரத்தில் நிற்கிறது. விடிய எழும்பி, விளிம்பில் இருந்து காலைத் தொங்கவிட்டு, படியில் கால்வைத்து, ஒருவரும் பிடிக்காமல் தானே இறங்கினார். கட்டிலுக்குக் கீழே காற்று ஓடுகிறபடியால் மணலின் சூடு ஏறாது. மழைத் தண்ணி அடியால் ஓடும், மட்டத்தேள் பயமில்லை. பருத்தித் துணி மூச்சுவிடும்; வாவிக்கரையில் விடியற்புறம் பொலியெஸ்டர் டென்டுக்குள் கூரையிலிருந்து சொட்டுகிற வேர்வைத் தண்ணி இதில் மிகக் குறைவு.

கதிர்காமத்துக்கு நடந்து போகிற அடியார்கள் காட்டுப்பாதை திறக்கும்வரை உகந்தையில் கூடுவார்கள் அல்லவா? அம்மாவுக்கு ஒருகாலத்தில் தானும் நடந்த பாதை அது. இப்போது நடக்க முடியாது. வழியனுப்பவாவது போகவேண்டும் என்று பல வருட ஆசை. பொத்துவில் தாண்டி, பாணமையால் புழுதிக்குள் ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு போனோம். முருகன் கோயிலடியில் தங்கி, தீர்த்தமாடி, காட்டுக்குள் இறங்குகிறவர்களுக்குத் தண்ணிப் போத்தல் கொடுத்துவிட்டு, அன்றிரவு அம்மா அசந்து தூங்கினார். அந்த ஒரு இரவுக்கு இந்த டென்டுக்குக் கொடுத்த காசு சரி.

யானை பற்றியும் ஒரு சொல். லகுகல, பாணமைப் பக்கம் யானை ரோட்டுக்கு வரும். அரிசி, உப்பு, பழம் எதையும் டென்டுக்குள் வைத்துக்கொண்டு படுக்காதீர்கள். காட்டோரத்தில் தனியாக நிறுத்தவே வேண்டாம். குமணப் பூங்காவுக்குள் தங்குவதென்றால் வனஜீவராசிகள் திணைக்களத்தில் முன்பதிவு செய்த இடத்தில்தான்.

மறுபக்கம், காயவைக்கிற வேலை. ஈரக் கான்வஸை மடித்து இரண்டு நாள் விட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பிடித்த கறை போகாது, துணியும் உக்கும். வீட்டு வளவில் முழுதாக விரிக்க இடம் வேண்டும். கார்த்திகை, மார்கழியில் மட்டக்களப்பில் எந்த நாள் வெயில் வரும் என்று யார் சொல்வது? ஆகவே வாடைக் காலம் முழுக்க எங்களுடையது கொட்டகைக்குள், மேலே படங்கு போட்டபடி. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது மணலில் அறைந்த ஆணி ஒன்றும் நிற்காது. உரப்பையில் மணல் நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்தில் தாழ்த்துங்கள், அது அசையாது. சில்லுப் பெயரிங்குக்கும் கடற்கரைப் பயணம் முடிந்ததும் புதுக் கிறீஸ் வேண்டும்.

ஆகவே கல்முனைச் சிநேகிதருக்கு என் பதில்: எடுக்க வேண்டாம். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் கால் நல்லாயிருக்கிறது, வளவு சின்னன், கொட்டகை இல்லை. நிலத்தில் அடிக்கிற நல்ல டென்டும் மடக்குக் கட்டிலும் எடுத்தால் வேனுக்குள்ளேயே அடங்கிவிடும், இழுத்துத் திரியத் தேவையில்லை. அதையும் கேளாமல் எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால், பதிவுப் புத்தகத்தை வாங்கிப் பாருங்கள், முழுதாக விரித்துக் காட்டச் சொல்லுங்கள், மூலைகளில் மூக்கை வைத்து மணந்து பாருங்கள். ஒவ்வொரு சிப்பையும் வளைவு தாண்டும்வரை நீங்களே இழுத்துப் பாருங்கள். 5ஆம் இலக்கம் என்றால் குஷன் கடைச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

எங்களுடையதை விற்கிறீர்களா என்றும் கேட்டார். இல்லை. ஜன்னல் சிப்புகளும் இன்னும் பழசுதான். அவற்றையும் ஆடிக்கு முன்னர் 10ஆம் இலக்கத்துக்கு மாற்றித் தரும்படி காக்காவிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.