அச்சகக் கணினிக்கும் வீட்டு லேப்டாப்புக்கும் எந்த பேக்கப்? பேக்பிளேஸ் பற்றி

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேக்பிளேஸ் வாங்குங்கள் (கணினியில் உள்ளவற்றை இணையம் வழியாகத் தங்கள் சர்வரில் நகலெடுத்து வைக்கும் அமெரிக்கச் சேவை இது), கூடவே ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கும் வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் டிரைவும் ஒன்டிரைவும் நல்ல சேவைகள்தான், ஆனால் அவற்றை மட்டும் பேக்கப் என்று நம்பி இருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

எங்களுடையது சின்ன அச்சகம். கல்யாணப் பத்திரிகை, பில் புக், நோட்டீஸ் எல்லாம் கோரல்டிராவில் கிடக்கின்றன, கணக்கு டேலியில், வீட்டு லேப்டாப்பில் பிள்ளைகளின் படங்கள். பத்திரிகை வடிவமைப்பை ஒருமுறை அடித்துக் கொடுத்துவிட்டால் மாதக்கணக்கில் யாரும் அந்த ஃபைலைத் திறப்பதில்லை, திடீரென்று ஒருநாள் "அக்கா கல்யாணத்துக்கு அடிச்ச மாதிரியே வேணும்" என்று தம்பி வந்து நிற்பார். அந்த ஃபோல்டர் எப்போதோ அழிந்திருந்தால் அது அன்றைக்குத்தான் தெரியவரும். கூகுள் டிரைவில் அழித்த ஃபைல் குப்பைத் தொட்டியில் 30 நாள்தான் இருக்கும், அப்புறம் போய்விடும். இவை இரண்டும் சிங்க் சேவைகள், சிங்க் என்றால் இங்கே என்ன நடந்ததோ அதுவே அங்கேயும் நடக்கும்: கணினியில் அழித்தால் மேலே, அதாவது இணையத்தில் இருக்கும் நகலும் அழியும், பணம் பறிக்கும் ரேன்சம்வேர் வைரஸ் வந்து ஃபைல்களைப் பூட்டினால் பூட்டிய ஃபைல்தான் மேலே ஏறும். ஒன்டிரைவில் இலவச இடம் 5 ஜிபி, கூகுளில் 15. கடை ஃபைல்களுக்கு அது எங்கே காணும்?

பேக்பிளேஸில் அளவுக்கு வரம்பில்லை. ஒரு கணினிக்கு வருடம் 99 டாலர், 2023 இல் ஏற்றிய விலை இது, இரண்டு கணினி என்றால் இரண்டு சந்தா. நிறுவிவிட்டால் எந்த ஃபோல்டரைச் சேர்க்க வேண்டும் என்று நாம் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை, தானாகவே பெரும்பாலானவற்றை எடுத்துக்கொள்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பழைய பிரதிகளை ஒரு வருடம் வரை வைத்திருக்கும், அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது, ஆனால் கணக்கு அமைப்பில் போய் ஒரு வருடம் என்று இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், 30 நாள் என்று இருந்தால் உடனே மாற்றுங்கள்.

குறைகளும் உண்டு. கணினியில் அழித்த ஃபைலை அந்த ஒரு வருடத்துக்குப் பிறகு இங்கேயும் நீக்கிவிடுவார்கள். அதனால் இடம் இல்லை என்று பழைய வேலைகளைக் கணினியிலிருந்து அழித்துவிட்டு, மேலே பத்திரமாக இருக்கிறது என்று நினைக்கவே கூடாது. வெளி ஹார்டு டிஸ்க்கையும் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் அவ்வப்போது சொருக வேண்டும், ரொம்ப நாள் சொருகாமல் விட்டால் அதிலுள்ளவையும் பேக்கப்பிலிருந்து போய்விடும். கடையில் எல்லாரும் பொதுவாகப் பயன்படுத்தும் நெட்வொர்க் டிஸ்க்கை இது தொடவே தொடாது. புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரையும் விட்டுவிடும், உங்கள் டேலி டேட்டா அதற்குள் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். டேலி திறந்திருக்கும்போது அதன் ஃபைல்களை நகலெடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கடை மூடும் முன் டேலியிலேயே பேக்கப் கொடுத்து டாக்குமெண்ட்ஸில் ஒரு ஃபோல்டரில் போட்டுவிடுகிறோம், அங்கிருந்து பேக்பிளேஸ் எடுத்துக்கொள்ளும்.

முதல் பதிவேற்றத்துக்குப் பொறுமை வேண்டும். அப்லோடு 20 எம்பிபிஎஸ் கிடைக்கிறது என்றால் 1 டிபி ஏறுவதற்கு இரவு பகல் ஓடினாலும் நாலரை நாளுக்கு மேல் ஆகும், நடுவே கரண்ட் போகும், சிஸ்டத்தை அணைப்போம், இன்னும் இழுக்கும். திரும்ப இறக்குவதற்கும் அதே கணக்குதான், டவுன்லோடு வேகம் கூடுதல் என்பதால் கொஞ்சம் சீக்கிரம் முடியும். ஹார்டு டிஸ்க்கில் போட்டுக் கூரியரில் அனுப்பும் வசதியும் இருக்கிறது, ஆனால் அமெரிக்காவிலிருந்து சுங்கம் தாண்டி வருவதற்குள் வேலை கெட்டுவிடும், நான் அதை நம்பவில்லை.

இதனால்தான் வெளி ஹார்டு டிஸ்க்கும் வேண்டும் என்கிறேன். சிஸ்டம் படுத்துவிட்டால் அன்றைக்கே வேலையைத் தொடர அதுதான் கைகொடுக்கும். விண்டோஸில் ஃபைல் ஹிஸ்டரி என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, டிஸ்க்கைக் காட்டிவிட்டால் மணிக்கொரு முறை நகல் எடுக்கும், பைசா செலவில்லை. வேலை முடிந்ததும் கழற்றி வேறு இடத்தில் வையுங்கள், சொருகியே இருந்தால் ரேன்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும். 2015 டிசம்பர் வெள்ளம் மாதிரி ஒன்று வந்தால் கணினியும் பக்கத்து அலமாரியில் இருக்கும் டிஸ்க்கும் சேர்ந்தே தண்ணீரில் போகும், அப்போது வெளியூரில் இருக்கும் நகல் ஒன்றுதான் மிச்சம்.

பேக்பிளேஸில் தனிச் சாவி, அதாவது நாமே வைக்கும் கடவுச்சொல், வைத்துப் பூட்டும் வசதியை நான் வீட்டு லேப்டாப்பில் மட்டும் போட்டிருக்கிறேன். அந்தச் சாவி தொலைந்தால் அவர்களாலும் திறக்க முடியாது, ஒரு தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். திரும்ப எடுக்கும்போது அந்தச் சாவியை அவர்களுடைய தளத்தில் கொடுத்தாக வேண்டும், இது எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொன்று, உங்களுடையது பிரைவேட் லிமிடெட் என்றால் பேக்பிளேஸ் மட்டும் போதாது. கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் இருக்க வேண்டும் என்று கம்பெனி விதிகளில் 2022 ஆகஸ்டில் திருத்தம் வந்தது, பேக்பிளேஸுக்கு இங்கே டேட்டா சென்டர் இல்லை. எங்களைப் போல ஒருவர் பெயரில் நடக்கும் கடைக்கு அந்த விதி கிடையாது, ஆனால் ஜிஎஸ்டி பதிவு இருந்தால் கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். அதனால் வருடக் கணக்கு முடிந்ததும் அந்த வருட டேலி பேக்கப்பைத் தனி டிஸ்க்கில் எடுத்து ஆடிட்டரிடமும் ஒரு பிரதி கொடுத்துவிடுகிறோம்.