கண்ணாடிக்குள் தீயா, விடியும்வரை சூடா: விறகுக் கணப்புகள் ஓர் ஒப்பீடு

விறகுக் கணப்பு வாங்கக் கடைக்குப் போகிறவர் முதலில் பார்ப்பது நிறத்தையும் வார்ப்பு வேலைப்பாட்டையும்தான். அதில் தவறே இல்லை. பல வருடம் வரவேற்பறையில் நிற்கப் போகிற பொருள். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அதன் அழகைத் தீர்மானிப்பது முன்பக்கக் கண்ணாடி. அந்தக் கண்ணாடி தெளிவாக இருக்குமா, கருத்துப்போகுமா என்பது விறகை எவ்வளவு மெதுவாக எரிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

காற்றைக் குறைத்தால் சூடு தணியும், விறகு நெடுநேரம் வரும். ஆனால் புகை முழுதாக எரியாது. கண்ணாடியின் உட்புறம் மேலிருந்து கீழே ஓடும் சூடான காற்றுத் திரைதான் கரி படியாமல் காக்கிறது. காற்றைக் குறைத்தால் அந்தத் திரையும் மெலிந்துவிடும். ஆகவே சூட்டைக் கட்டுப்படுத்துவதும் பார்வைக்கு அழகாக இருப்பதும் ஒன்றை ஒன்று இழுக்கின்றன. கனடாவிலும் அமெரிக்காவின் வடக்கிலும் கிடைக்கும் கணப்புகளை இந்தக் கோணத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது நமக்குப் பொருந்தும் என்று தெரியும்.

முதலில் யோட்டுல். 1853இல் நார்வேயில் தொடங்கிய நிறுவனம், வார்ப்பிரும்பில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். இவர்களின் எஃப் 118 என்ற பழைய நீள அடுப்பின் பக்கவாட்டில், ‘பொழுது முடிந்து இரவில் என் நெருப்பை மூடி வைக்கிறேன், கடவுளே அது அணையாதிருக்கட்டும்’ என்ற பொருளில் ஒரு பாட்டு வார்க்கப்பட்டிருக்கும். நீறு பூத்த நெருப்பை விடியலில் கிளறி எழுப்பிய மக்களின் வேண்டுதல் அது. ஓர் அடுப்புக்கு இதைவிடப் பொருத்தமான அலங்காரத்தை நான் பார்த்ததில்லை.

இன்று பலரும் தேடிப்போவது இவர்களின் எஃப் 500 ஆஸ்லோ. பெரிய கண்ணாடி, 60 சென்டிமீட்டர் நீளக் கட்டையை உள்ளே தள்ளப் பக்கவாட்டில் தனிக் கதவு, காற்றுக்கு ஒரே நெம்புகோல். உள்ளே மேற்புறம் செலுத்தப்படும் சூடான காற்றில் புகையே தீப்பிடித்து எரியும். அந்த நீண்ட, நிதானமான தீநாக்குகள் பார்க்கக் கொள்ளை அழகு. ஆனால் புகை இப்படி எரிய ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதனால் இந்த வகையை ரொம்பவும் தணிக்க முடியாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2020 மே முதல் புகைத்துகள் வரம்பை மணிக்கு 2 கிராமாக (வழக்கமான பிளந்த விறகில் சோதித்தால் 2.5 கிராமாக) இறுக்கிவிட்டதால், காற்றை முழுதாக அடைக்கும் வசதியை இன்றைய அடுப்புகளில் எதிர்பார்க்கக் கூடாது. ஆகவே சூட்டை நெம்புகோலால் குறைப்பதைவிட விறகின் அளவால்தான் குறைக்க வேண்டும்: சின்னதாக ஒரு தீ, அது அடங்கியதும் இன்னொன்று. வீட்டில் ஆள் இருந்தால் இது சிரமமே இல்லை. காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிறவர்களுக்கு ஒத்துவராது.

இதற்கு நேர் எதிர் பிளேஸ் கிங். விறகுப் புகையைக் கேட்டலிஸ்ட் (குறைந்த சூட்டிலேயே புகையை எரியவைக்கும் வினையூக்கி பூசிய, தேன்கூடு போன்ற துண்டு) வழியாகச் செலுத்துகிறார்கள். அங்கே சுமார் 260 டிகிரியிலேயே புகை எரியத் தொடங்கிவிடும். கூடவே சூட்டுக்கேற்பச் சுருண்டு விரியும் இரட்டை உலோகச் சுருள் காற்றுக் கதவைத் தானே திறந்து மூடும்; இதுதான் தெர்மோஸ்டாட். மின்சாரம் வேண்டாம். குமிழைத் திருகி வைத்துவிட்டுப் படுக்கப் போகலாம். கிங் என்ற பெரிய மாடல் ஒருமுறை நிரப்பினால் மிகக் குறைந்த சூட்டில் 40 மணி நேரம்வரை எரியும் என்பது நிறுவனத்தின் வாக்கு. குளிர் முற்றிய ஜனவரியில் யாரும் அவ்வளவு தணித்து வைக்க மாட்டார்கள், அதில் பாதி வந்தாலே பெரிய காரியம்.

இதற்காக நாம் இழப்பது தீயின் காட்சியை. தணித்து வைத்த பிளேஸ் கிங்கின் கண்ணாடி பழுப்பேறி, உள்ளே மங்கிய தணல் மட்டும் இருக்கும். கிங், பிரின்சஸ் மாடல்கள் பார்வைக்கும் கறுப்பு இரும்புப் பெட்டிகள்தான். இந்தக் குறையைச் சரிக்கட்டத்தான் ஆஷ்ஃபோர்டு வந்தது: உள்ளே அதே எஃகுப் பெட்டியும் தெர்மோஸ்டாட்டும், வெளியே வார்ப்பிரும்புச் சட்டை. சட்டைக்கும் பெட்டிக்கும் இடையில் காற்று ஏறுவதால் பக்கத்தில் உட்கார்ந்தாலும் சுரீரென்று அடிக்காது. அடுப்பின் தோற்றம் அழகாகிறது. தணிக்கும்போது கண்ணாடி கருப்பது மட்டும் அப்படியேதான். கேட்டலிஸ்டையும் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பெயின்ட் அடித்த பலகை, குப்பை எதையும் உள்ளே போடக் கூடாது, கேட்டலிஸ்ட் கெட்டுவிடும்.

இரண்டுக்கும் நடுவில் நிற்க முயன்றது வெர்மான்ட் காஸ்டிங்ஸ். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின், 1975இல், வெர்மான்ட் மாநிலத்தின் ராண்டால்ஃபில் தொடங்கினார்கள். முதல் மாடல் டிஃபயன்ட். மேல்மூடியைத் திறந்து விறகு போடும் வசதி, பின்னால் தெர்மோஸ்டாட் சுருள், மரச்சாமான் போன்ற வடிவம், எனாமல் நிறங்கள். காகிதத்தில் எல்லாமே இருக்கிறது, மேலே போடும் வசதிக்கு ஈடே இல்லை. ஆனால் பல வார்ப்புத் துண்டுகளை இணைத்த உடல். இணைப்புகளின் அடைப்பு தளர்ந்தால் காற்று உள்ளே கசியும், அப்புறம் தெர்மோஸ்டாட் இருந்தும் பயனில்லை. பராமரிப்பில் கை வைக்கத் தெரிந்தவருக்கே இதைச் சொல்வேன்.

மாக்கல் கணப்பு வேறு ரகம். ஒரு கிலோ மாக்கல், ஒரு கிலோ இரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு வெப்பத்தைத் தாங்கி வைக்கும். (வார்ப்பிரும்பு எஃகைவிடச் சூட்டைப் பிடித்து வைக்கும் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம்; எடைக்கு எடை இரண்டும் ஏறக்குறைய ஒன்றே, வார்ப்பு கனமாக இருப்பதுதான் வித்தியாசம்.) நம் கல்சட்டியும் மாக்கல்தான், இறக்கி வைத்த பிறகும் அதில் குழம்பு கொதித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணப்பை விளக்கவே வேண்டாம். கண்ணாடி தெளிவாக இருக்குமளவுக்கு நன்றாக எரிக்கலாம். அந்தச் சூட்டைக் கல் வாங்கி, தீ அணைந்த பிறகும் மெல்லக் கொடுக்கும். அழகுக்கும் கட்டுப்பாட்டுக்கும் உள்ள சண்டையை இயந்திர நுட்பம் ஏதுமின்றித் தீர்ப்பது இது ஒன்றுதான். நியூ ஹாம்ப்ஷயரின் உட்ஸ்டாக் சோப்ஸ்டோன் நிறுவனத்தின் மாடல்களில் கல்லோடு கேட்டலிஸ்டும் உண்டு. கல்லின் சாம்பல் நிறமும் ரேகைகளும் ஒவ்வொரு அடுப்பிலும் வேறு. ஆனால் குளிர்ந்து கிடக்கும் வீட்டுக்குள் வந்து பற்றவைத்தால் வெகுநேரம் காத்திருக்க வேண்டும். வார இறுதிக் குடிலுக்கு ஆகாது. வெயில் வந்துவிட்டது, சூடு போதும் என்றாலும் கல் கேட்காது.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். முழுக் குளிர்காலமும் விறகையே நம்பி, பகலில் ஆளில்லாத வீடு என்றால் ஆஷ்ஃபோர்டு. சூடு வெளியேறாதபடி நன்றாகக் காப்பிட்ட, எப்போதும் ஆள் இருக்கிற வீட்டுக்கு மாக்கல். வேறு ஹீட்டர் இருக்கிறது, மாலையில் குடும்பத்தோடு தீயைச் சுற்றி உட்கார வேண்டும் என்பவர்கள் தயங்காமல் எஃப் 500 வாங்கலாம்.

எதை வாங்கினாலும் தேவைக்குப் பெரியதை வாங்காதீர்கள். பெரிய அடுப்பு அறையைத் தகிக்க வைக்கும், உடனே காற்றைக் குறைப்பீர்கள், கண்ணாடி கருக்கும், புகைபோக்கியில் தார் படியும். அந்தத் தார்தான் புகைபோக்கித் தீக்குக் காரணம். விறகின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். பிளந்த கட்டையின் புதிய முகத்தில் ஈரமானியை வைத்துப் பாருங்கள், வெளிப்பக்கம் பொய் சொல்லும். ஓக் மரம் என்றால் பிளந்து இரண்டு வருடமாவது காய வேண்டியிருக்கும்.

நிறத்தைப் பற்றி: எனாமல் துடைக்க எளிது, ஆனால் ஒரு கட்டை பட்டுச் சில்லு பெயர்ந்தால் வீட்டில் சரிசெய்ய வழியில்லை. மங்கல் கறுப்பு பெயின்டை அடுப்புக்கான ஸ்ப்ரேயால் திரும்ப அடித்துக்கொள்ளலாம். ஒன்டாரியோவில் இருப்பவர்கள் பணம் கட்டுமுன் வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்திடம் பேசிவிடுங்கள். வெட் (WETT, விறகு அடுப்புப் பணியில் பயிற்சி பெற்றவர்களுக்குக் கனடாவில் தரும் சான்று) சான்று பெற்ற ஒருவரின் பரிசோதனை அறிக்கையைப் பெரும்பாலும் கேட்பார்கள். சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், சில அறைகளில் அந்த அளவே தேர்வை முடித்துவிடும்.