முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைப்பதா, பின்னால் நாலு பல் கூட்டுவதா?

ஸ்ப்ராக்கெட் என்பது செயின் ஓடும் பல்சக்கரம். முன்னால் 14 பல், பின்னால் 48 பல் போட்ட சின்ன டூ-ஸ்ட்ரோக் டர்ட் பைக்கில் விகிதம் (48-ஐ 14-ஆல் வகுத்தால்) 3.43. முன்னால் 13 போட்டால் 3.69, பின்னால் 52 போட்டால் 3.71. ஓட்டும்போது இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. மணலில் பிக்கப் கூடும், டாப் ஸ்பீடு சுமார் 7 சதவீதம் குறையும்.

வித்தியாசம் செயினில்தான். முன்னால் ஒரு பல் குறைத்தால் 420 அல்லது 428 அளவு செயின் உள்ள பைக்கில் பின்சக்கர ஆக்ஸில் 3 மி.மீ. பின்னே போனால் போதும். பழைய செயினே ஓடும். பின்னால் நாலு பல் கூட்டினால் ஆக்ஸில் கிட்டத்தட்ட 13 மி.மீ. முன்னே வர வேண்டும். செயினை இறுக்கும் அட்ஜஸ்டரில் இடமில்லையென்றால் இரண்டு கண்ணி அதிகமுள்ள செயின் வேண்டும். பாகம் வாங்கச் சென்னை புதுப்பேட்டைக்குப் போகும்போது பழைய ஸ்ப்ராக்கெட்டைக் கையோடு கொண்டுபோங்கள். போல்ட் துளைகளின் இடைவெளியும் நடுத்துளையும் ஒத்துப்போகாவிட்டால் அலைச்சல்தான்.

சின்ன முன் ஸ்ப்ராக்கெட்டுக்கும் ஒரு விலை உண்டு. செயின் இன்னும் இறுக்கமாக வளைவதால் சீக்கிரம் தேயும், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மேலிருக்கும் ரப்பரையும் அறுக்கும். 12-க்குக் கீழே இறங்க வேண்டாம்.

முதலில் முன்னால் மாற்றி ஓட்டிப் பாருங்கள், செலவு குறைவு. அந்த விகிதமே பிடித்துவிட்டால் செயின் தேய்ந்து மாற்றும் நாளில் முன்னால் 14-க்கே திரும்பி, பின்னால் 52 போடுங்கள்.

எதை மாற்றினாலும் செயினின் இணைப்புக் கண்ணியைப் பிடிக்கும் லாக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் கல்லில் தட்டிக் கழன்றுவிடும்.