ஓசூர்ப் பக்கம் நிலத்தடி நீர்: இறைத்துச் சுத்திகரிப்பதா, வழியில் இரும்புச் சுவர் வைப்பதா?

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ‘தண்ணி கெட்டுப்போச்சு’ என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் அந்த ஒரு பேச்சுக்குள் இரண்டு வேறு சிக்கல்கள் இருக்கின்றன. பல்லைக் கறையாக்கி எலும்பை முடக்கும் ஃப்ளூரைடு பாறையிலிருந்தே கரைந்து வருகிறது. புறப்படும் இடம் இதுதான் என்று விரல் நீட்டிக் காட்ட முடியாது. ஓசூர் போன்ற தொழிற்பேட்டை ஊர்களில் அஞ்ச வேண்டியவை வேறு. முலாம் பூசும் பட்டறைகளிலிருந்து கசியக்கூடிய ஆறிணைதிறக் குரோமியம் என்ற நச்சு உலோக வடிவமும், இயந்திர உறுப்புகளின் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கும் டிரைகுளோரோஎத்திலீனும் ஓரிடத்தில் மண்ணுக்குள் இறங்கி, நிலத்தடி ஓட்டத்தோடு ஒரு திசையில் நகரும்.

ஃப்ளூரைடுக்கு, மாசு நீரை வழியிலேயே மறித்துச் சுத்தமாக்கும் நிலத்தடி இரும்புச் சுவர் என்ற யோசனையை முதலிலேயே தள்ளிவிடலாம். ஊர் ஊராகப் பரவிக் கிடப்பதை எந்தப் பள்ளத்தில் மறிப்பது? 2008-இல் அடிக்கல் நாட்டி 2013-இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்தது. ஃப்ளூரைடைப் பொறுத்தவரை அதுதான் சரியான வழி. இனிப் பேசப்போவது ஆலைக் கசிவைப் பற்றி மட்டும்.

இறைத்துச் சுத்திகரிப்பது நமக்குப் பழகிய முறை. போர் போட்டு, மாசுபட்ட நீரை மேலே இழுத்து, மருந்து சேர்த்துச் சுத்தம் செய்வது. உடனே தொடங்கலாம், ஆழத்தில் பாறை வெடிப்புக்குள் போய்விட்ட மாசையும் தொடலாம். குறை பிறகுதான் தெரியும். முதல் சில ஆண்டுகள் அளவு மளமளவென்று குறையும், அப்புறம் ஓரிடத்தில் நின்றுவிடும். மோட்டாரை நிறுத்தினால் களிமண்ணிலும் பாறை நுண்துளைகளிலும் ஒட்டியிருந்தது மெல்லக் கரைந்து மறுபடி ஏறும். அதுவரை மின்கட்டணம் கட்ட வேண்டும், சேரும் கசடைக் கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவு மையம் வரை லாரியில் அனுப்ப வேண்டும். ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்கும் நீர்மட்டத்திலிருந்து இன்னும் இறைக்கிறோம் என்பதும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

சுவர் முறை இதற்கு நேர்மாறு. நீரோட்டத்தின் குறுக்கே பள்ளம் தோண்டி இரும்புத் துகளை நிரப்புவார்கள். தண்ணீர் தன் போக்கில் அதற்குள் நுழைந்து வெளியேறும், மோட்டார் வேண்டாம். இரும்பு துருப்பிடிக்கும்போது விடும் எலக்ட்ரான்கள் ஆறிணைதிறக் குரோமியத்தை, எளிதில் கரையாத மூவிணைதிறக் குரோமியமாக்கி அங்கேயே படியவைக்கும். டிரைகுளோரோஎத்திலீன் குளோரினை இழந்து எத்திலீனாகும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கில்ஹாம் குழு இதை 1991-இல் போர்டன் என்ற இடத்தில் மண்ணுக்குள் வைத்தே சோதித்தது. 1996-இல் அமெரிக்காவின் எலிசபெத் சிட்டியில் 46 மீட்டர் நீளம், 7.3 மீட்டர் ஆழம், 60 செ.மீ. தடிமனில் வைத்த சுவர் இந்த இரண்டு நஞ்சுகளுக்குமானது. 15 ஆண்டுகளுக்குப் பிறகும் அது வேலை செய்தது.

ஆனால் அந்த ஊர் மண் மணற்பாங்கானது. நம்முடையது பாறை பூமி. கிணறு வெட்டுகிறவர்களைக் கேட்டாலே தெரியும்: மேலே மண், அடுத்து மொரம்பு, கீழே கல். மொரம்பு வரை பொக்லைனால் தோண்டிச் சுவரைக் கல்லின் மேல் உட்கார வைக்கலாம். மாசு அந்த மேல் அடுக்கில் மட்டும் இருந்து, சுற்றிலும் திறந்த கிணறுகள் இருந்தால் நான் சுவரையே தேர்ந்தெடுப்பேன். கல்லின் வெடிப்புக்குள் இறங்கிவிட்டிருந்தால் தண்ணீர் சுவருக்கு அடியிலேயே போய்விடும். அங்கே இறைப்பதைத் தவிர வழியில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. ஓட்டம் நாளுக்கு 10 செ.மீ. என்றால் 60 செ.மீ. சுவருக்குள் தண்ணீர் 6 நாள் தங்கும். பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் புதிதாகப் போர் போட்டு இறைக்க, ஓட்டம் நாளுக்கு 30 செ.மீ. ஆகிவிட்டால் 2 நாள்தான் தங்கும். குளோரின் பாதி உதிர்ந்த நிலையில், புற்றுநோய் உண்டாக்கும் வினைல் குளோரைடு வெளியேறக்கூடும். உரம் அதிகம் போடும் ரோஜா, தக்காளித் தோட்டங்களிலிருந்து நைட்ரேட் வந்தால் அது இரும்பை மழுங்கடிக்கும். உப்புத் தண்ணீரின் கார்பனேட் துளைகளை அடைக்கும். ஆகவே ஆலை மதிலுக்குள் எவ்வளவு நன்றாகக் கட்டினாலும், சுவரின் ஆயுள் மதிலுக்கு வெளியே இருப்பவர்கள் கையில் இருக்கிறது.

இதனால்தான் எந்த முறை என்பதைவிட, யார் சேர்ந்து செய்வது என்பது எனக்குப் பெரிய கேள்வி. ஆலை தனியாகச் செய்தால் வேகம் கிடைக்கும், ஆனால் அதன் ஆய்வக அறிக்கையைப் பக்கத்து ஊர் நம்பாது. அரசுத் துறை தனியாகச் செய்தால் அதிகாரம் இருக்கும். ஆனால் டெண்டர் கட்டுமானத்தோடு முடிந்துவிட்டால் அடுத்த 15 ஆண்டு யார் மாதிரி எடுப்பது? ஆலை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், ஊராட்சி, கிணற்றுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்த குழு தாமதமாகத்தான் நகரும். இருந்தாலும் ‘சுவருக்குப் பக்கத்தில் புதுப் போர் வேண்டாம்’ என்று ஒரு விவசாயியைச் சம்மதிக்க வைக்க அதனால்தான் முடியும். அமெரிக்காவில்கூட 1995-இல் ஆலைகள், அரசுத் துறைகள், ஆய்வாளர்கள் இதற்கென ஒரே செயற்குழுவாகக் கூடி அனுபவத்தைப் பகிர்ந்த பிறகுதான் இந்தத் தொழில்நுட்பம் பரவலாயிற்று.

அப்படிக் கூடும்போது முதல் ஆண்டு தோண்டவே கூடாது. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவத்திலும் சுற்றுக் கிணறுகளின் மட்டத்தை அளந்து, ஓட்டம் எந்தத் திசை, எவ்வளவு வேகம் என்று பார்க்க வேண்டும். மாதிரி எடுக்கப் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி மாணவர்களைச் சேர்க்கலாம். முடிவுகளை மார்ச் 22, அக்டோபர் 2 கிராம சபைகளில் எல்லோர் காதிலும் விழும்படி படிக்க வேண்டும். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மி.கி. தாண்டக் கூடாது என்ற இந்தியத் தர நிர்ணய அளவைச் சொல்லி, கிணறு வாரியாகப் படித்தால் யாருக்கும் புரியும்.

பணத்தில் பேரம் வேண்டாம். வேலூர் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது. அந்தச் செலவை இரும்பு வாங்கும் தொகையோடு நிறுத்தாமல், ஆண்டுதோறும் மாதிரி எடுப்பதற்கும், சுவர் அடைத்துக்கொண்டால் மாற்றுவதற்கும் சேர்த்து வைப்புத்தொகையாக முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். தோண்டி எடுக்கும் பழைய இரும்பில் குரோமியம் படிந்திருக்கும். அதைச் சோதித்துப் பாதுகாப்பாக அகற்றும் செலவும் அந்தத் தொகையில் அடங்க வேண்டும்.