ஹிஞ்ச் மாற்றக் கொடுத்தேன், பேட்டரியை மாற்றிவிட்டார்கள்

சென்னை வேளச்சேரிப் பக்கம் லேப்டாப்பை சர்வீஸுக்குக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடைப் பெயரைப் போடவில்லை. புகார் போய்க்கொண்டிருக்கிறது, அது முடியட்டும். இதே மாதிரிக் கடை உங்கள் ஏரியாவிலும் ஒன்று இருக்கும்.

என் லேப்டாப்புக்கு வயது மூன்று. மூடியைத் தாங்குகிற வலது பக்க ஹிஞ்ச், அதாவது கீல், உடைந்து, மூடியைத் திறக்கும்போதெல்லாம் நறநறவென்று சத்தம். மற்றபடி ஒரு குறையும் கிடையாது. கூகுளில் கம்பெனி பெயரோடு சர்வீஸ் சென்டர் என்று தேடி, முதலில் வந்த நம்பருக்குப் போன் அடித்தேன். தப்பு அங்கேயே ஆரம்பித்துவிட்டது. கடை வாசலில் கம்பெனி லோகோ ஆளுயரத்துக்கு நின்றது. உள்ளே ஏசி, டோக்கன், பையன்கள் சட்டையிலும் அதே லோகோ. யாருக்குச் சந்தேகம் வரும்? கம்பெனியின் சொந்த வெப்சைட்டில் சர்வீஸ் சென்டர் பட்டியல் இருக்கிறது; அதில் இந்தக் கடை இல்லை. இதை நான் பார்த்தது எல்லாம் முடிந்த பிறகு.

கவுன்டரில் இருந்த பெண் ஜாப் ஷீட் போட்டார். மெஷினைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் 'ஸ்க்ராட்ச், டென்ட்' (கீறல், நசுங்கல்) என்று எழுதினார். "டென்ட் எங்கம்மா இருக்கு?" என்றேன். "எல்லாத்துக்கும் அப்படித்தான் சார் எழுதுவோம்" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டேன். பாஸ்வேர்டு கேட்டார், அதையும் சொன்னேன். ஹிஞ்ச் மாற்றுவதற்கு பாஸ்வேர்டு எதற்கு என்று அப்போது தோன்றவே இல்லை. வீட்டுக் கதவின் கீலை மாற்ற வருகிற ஆசாரியிடம் பீரோ சாவியைக் கொடுப்போமா?

2,800 ரூபாய் என்றார்கள். மூன்றாம் நாள் போன். "மதர்போர்டுல ஷார்ட் இருக்கு சார், 9,500 ஆகும்."

"கொடுத்த அன்னிக்குக் காலைல வரைக்கும் அதுலதானே வேலை பார்த்தேன்?"

"இப்ப ஆன் ஆகும் சார். எப்ப வேணா போயிடும்."

ஜோசியக்காரர்கூட மாதம், தேதி சொல்வார். வேண்டாம், ஹிஞ்சை மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்றேன். அதற்கு அப்புறம் 11 நாள் இழுத்தடித்தார்கள். பார்ட் வரவில்லை, டெக்னீஷியன் லீவு, மழை. போய் நின்ற அன்று 2,800-ஓடு செக்கிங் சார்ஜ் 500 சேர்த்து 3,300. பில் கேட்டால், "ஜிஎஸ்டி பில் வேணும்னா 18 பர்சென்ட் எக்ஸ்ட்ரா ஆகும் சார்" என்றார்கள். தொகையை வெறும் லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்தார்கள். ஜிபேயில் பணம் போட்டால் கடைப் பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. இத்தனை பார்த்தும் வாங்கிக்கொண்டு வந்தேன் என்றால் என்னைத்தான் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்து திறந்தேன். ஹிஞ்ச் நன்றாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் ஹாலில் உட்கார்ந்தால் முழுசாக வந்த வைஃபை இப்போது ஒரே ஒரு கோடு. நாலு மணி நேரம் தாங்கிய பேட்டரி ஒன்றரை மணி நேரத்தில் செத்தது. டைப் அடிக்கும்போது இடது உள்ளங்கையில் ஏதோ உறுத்தியது. தடவிப் பார்த்தால், டச்பேடுக்குப் பக்கத்தில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு மேடு.

சனிக்கிழமை, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடக்கிற தூரம்தான். மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசை, ஒரு விளக்கு, அவ்வளவுதான் அந்த அண்ணனின் கடை. என் கண் முன்னாலேயே அடி மூடியைக் கழற்றினார். பத்து ஸ்க்ரூ இருக்க வேண்டிய இடத்தில் எட்டு. அதில் ஒன்று மற்றதைவிட நீளம். குட்டை ஸ்க்ரூ போகிற ஓட்டையில் அதை வைத்து முறுக்கியதால் மேல் பக்கம் பிளாஸ்டிக்கைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. அதுதான் என் துவரம்பருப்பு. வைஃபை கார்டுக்கு வருகிற ஆன்டெனா ஒயர் இரண்டு, ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. வெள்ளை தொங்கிக்கொண்டிருந்தது. அதை விரலால் அழுத்தி மாட்டினார், டிக்கென்று ஒரு சத்தம். வைஃபை சரியாகிவிட்டது. "இதுக்குக் காசு வாங்கினா எனக்கே அசிங்கம் சார்" என்றார்.

பேட்டரி ரகசியத்தையும் அவர்தான் உடைத்தார். விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ஒரே ஒரு வரி அடித்தால் பேட்டரி ரிப்போர்ட் வரும். அதில் பேட்டரியின் சீரியல் நம்பர், முழு சார்ஜில் எவ்வளவு மின்சாரம் பிடிக்கிறது (மில்லிவாட் மணி என்ற அளவில்) என்பதெல்லாம் இருக்கும். முந்தைய வாரங்களின் கணக்கும் வரிசையாக இருக்கும். கடைக்குக் கொடுத்த வாரம் வரை சுமார் 43,000 மில்லிவாட் மணி. திரும்பி வந்த வாரம் 19,000. வயதாகிற பேட்டரி மெல்ல மெல்ல இறங்கும். ஒரே வாரத்தில் பாதிக்கும் கீழே விழாது. என்னுடையதை உருவிவிட்டு வேறு யாருடைய கிழட்டு பேட்டரியையோ மாட்டியிருக்கிறார்கள். நல்ல வேளை, விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடவில்லை. போட்டிருந்தால் அந்தக் கணக்கும் போயிருக்கும்.

ஆகவே லேப்டாப்பை எந்தக் கடைக்குக் கொடுத்தாலும், கொடுப்பதற்கு முந்தின நாள் இந்த ரிப்போர்ட்டை எடுத்து உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள். ரேம், எஸ்எஸ்டி எத்தனை ஜிபி என்பதையும் போட்டோ பிடித்துக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். மேனேஜர் ஜாப் ஷீட்டை நீட்டினார். டென்ட் என்று நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், பேட்டரியை நாங்கள் தொடவே இல்லை, முடிந்தது பேச்சு. அன்று மாலையே 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, செய்த வேலைக்கு பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை. நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். இதையெல்லாம் ஒரு நோட்டீஸாக எழுதி, பதிவுத் தபாலில் கடைக்கு அனுப்பினேன்.

தபால் சேர்ந்த மறுநாள் மேனேஜரிடமிருந்து வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ். குரலில் அவ்வளவு பணிவு. "சார், 1,500 தந்துடறோம், கம்ப்ளைன்ட்ட வாபஸ் வாங்கிக்குங்க." பணம் வேண்டாம், என் பேட்டரியையும் ஒழுங்கான பில்லையும் கொடுங்கள் என்று பதில் போட்டேன். உடனே அடுத்த மெசேஜ்: "உங்க பழைய பேட்டரி ஸ்க்ராப்புக்குப் போயிடுச்சே சார்."

தொடவே இல்லை என்று சொன்னவர் அவர்தான். அந்த மெசேஜையும் புகாரோடு சேர்த்துவிட்டேன்.